பேச்சியம்மாள் குளிப்பாட்டிய சிறுத்தைக்குட்டி

போன மாதம் ரம்யா என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். நான் ஃபாரஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற அதே ரேஞ்ச் ஆபீசில் இப்போது வேலை பார்க்கும் பெண். மரத்தில் கட்டிவைத்த தானியங்கி கேமரா எடுத்த படம் அது. ஒரு பெட்டிக்குள் இரண்டு சிறுத்தைக்குட்டிகள். தாய் வருகிறாள், முகர்ந்து பார்க்கிறாள், ஒன்றைக் கழுத்தில் கவ்விக்கொண்டு போகிறாள். கொஞ்ச நேரம் கழித்து அடுத்ததற்கும் வருகிறாள். அவ்வளவுதான். ஸ்ரீவராகத்து வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். காபி கொண்டுவந்த என் மனைவி, "ஆருக்க பிள்ளை அது? நம்ம கோபிக்க மகளா?" என்று கேட்டாள். பேத்தியைப் பார்க்கிற மாதிரி என் முகம் இருந்திருக்கிறது.

ரம்யா கூடவே ஒரு குரல்செய்தியும் அனுப்பியிருந்தாள். "அண்ணாச்சி, இப்போ இதுக்கெல்லாம் கைட்லைன் உண்டு, கேமரா உண்டு. உங்க காலத்துல பொன்முடியில ஒரு குட்டியத் திரும்ப வெச்சீங்கன்னு எல்லாரும் சொல்லுது. எப்படிச் செஞ்சீங்க? எழுதித் தாங்க, டிரெயினிங்ல வாசிக்கலாம், கேட்டோ."

எழுத உட்கார்ந்தேன். டிரெயினிங்கில் வாசிக்கிற மாதிரி வரவில்லை. ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும். நடுவில் கோபம் வந்தால் கோபமும் படுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்தக் கடை. நாஞ்சில் நாட்டிலிருந்து மலையாளம் பேசுகிற ஊருக்கு வந்து அங்கே வேரூன்றிய குடும்பம். அண்ணன்மார் எல்லாரும் கடையில் உட்கார்ந்துவிட்டதால் எனக்கு உட்கார இடமில்லை. அரசுத் தேர்வு எழுதினேன், வனத்துறையில் கார்டு வேலை கிடைத்தது. "மெளகு மூட்டைக்குள்ள எலி போனா ஒனக்குத் தெரியாது. காட்டுல போயி என்னத்தலே காவல் காப்பே?" என்றார் அப்பா. பயிற்சிக் காலத்தில் ஓடினோம், மரம் அளந்தோம், அட்டைக்கடி வாங்கினோம். எல்லாருக்கும் நடந்ததுதான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆபீசில் எனக்கு விழுந்த பெயர் அண்ணாச்சி. சாலைக் கடைக்காரன் மகனை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்? என்னைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சிறுத்தையைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் டாக்டர் சூசம்மா. துறையின் கால்நடை மருத்துவர். நல்ல உயரம். சுடிதாருக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவார். ஆட்டைச் சிறுத்தை அடித்துவிட்டது என்று தகவல் வந்தால் நாங்கள் இருவரும்தான் போவோம். போனதும் அவர் ஆட்டைப் பார்க்க மாட்டார், ஆட்டுக்காரரைப் பார்ப்பார். "ஆட்டுக்குப் பேரு எந்தாணு?" என்பதுதான் முதல் கேள்வி.

எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக வந்தது. செத்த ஆட்டுக்குப் பேர் என்னத்துக்கு? ஒருநாள் கேட்டேவிட்டேன். "அண்ணாச்சி, பேரு சொல்லும்போ அவங்க கரையும். கரஞ்சா தேஷ்யம் கொறையும். பின்னே உள்ளது உள்ளபடி சொல்லும்," என்றார். கரைவது என்றால் மலையாளத்தில் அழுவது, தேஷ்யம் என்றால் கோபம்.

பெயர் கேட்டு முடிந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். ஆடு கிடக்கிற இடத்தைத் தூரத்திலிருந்து ஒரு வட்டம் சுற்றுவார். அடுத்த வட்டம் கொஞ்சம் உள்ளே, அதற்கடுத்தது இன்னும் உள்ளே. நகைக்கடையில் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே போகிற பெண்களைப் போல இருக்கும். அவருக்கு முன்னால் யாரும் கால் வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் கத்த மாட்டார். "அண்ணாச்சி இப்போ ஒரு சாட்சியெ சவிட்டிக் கொன்னு," என்பார். குனிந்து பார்த்தால் என் பூட்ஸுக்கு அடியில் ஒரு காலடித் தடம் நசுங்கிக் கிடக்கும்.

பேச்சியம்மாளை நாங்கள் முதலில் பார்த்தது அப்படி ஒரு ஆட்டு விவகாரத்தில்தான். பொன்முடியில் ஒரு தேயிலை எஸ்டேட். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஓட்டு வீடுகளை லயம் என்பார்கள். அங்கே கொழுந்து கிள்ளுகிறவள் அவள். நாற்பது வயதிருக்கும். தென்காசிப் பக்கத்துக் குடும்பம். டாக்டர் பெயர் கேட்டதும், "மரிக்கொழுந்து," என்றாள். அதோடு உடைந்து அழுதாள். அழுது முடித்துவிட்டுச் சிறுத்தையைத் திட்ட ஆரம்பித்தாள். "நாசமாப் போவா! எம்பிள்ளையத் தின்ன வயிறு வெடிச்சிச் சாவா!" அடித்தது பெட்டைதான் என்று டாக்டர் தடத்தை வைத்துச் சொல்வதற்கு முன்பே அவள் பெட்டை என்று முடிவு கட்டியிருந்தாள்.

டாக்டர் ஆட்டின் தொண்டை மயிரை விரலால் விலக்கிக் காட்டினார். பல் இறங்கிய துளைகள். சுற்றிலும் ரத்தம் அதிகமில்லை. நாய்கள் கடித்த ஆடு வேறு மாதிரி கிடக்கும். தொடை, வால், பின்னங்கால் எல்லாம் கந்தலாகியிருக்கும், ஓட ஓட விரட்டிய தடம் தரையெல்லாம் இருக்கும். சிறுத்தை விரட்டாது. அதற்கு அவ்வளவு மூச்சும் கிடையாது, பொறுமையும் கிடையாது. இல்லை, தப்பாகச் சொல்கிறேன். பொறுமை உண்டு, அதையெல்லாம் பாய்வதற்கு முன்னாலேயே செலவழித்துவிடும்.

தேயிலைச் செடிகளுக்கு அடியில் வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு வரும். ஆடு தலையை நிமிர்த்தினால் அப்படியே நின்றுவிடும். தூக்கிய முன்காலைக் கீழேகூட வைக்காது. ஆடு மறுபடி மேயத் தொடங்கினால் இதுவும் நகரும். கடைசியில் ஒன்றிரண்டு பாய்ச்சல்தான். தொண்டையைப் பிடித்தால் மூச்சு நிற்கும்வரை விடாது. தவறிப்போனால் பின்னாலேயே ஓடி மானத்தைக் கெடுத்துக்கொள்ளாது. ஒன்றுமே நடக்காதது மாதிரி உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருக்கும். பிடித்ததை மறைவுக்கு இழுத்துப் போய், தின்பதற்கு முன் மயிரைப் பிடுங்கித் துப்பும். இரைப்பையை எடுத்துத் தனியாக ஒதுக்கி வைக்கும்.

மனிதர் நின்றால் அதற்குப் பயம். குனிந்திருக்கிற ஆளை மனிதர் என்றே அதற்குத் தெரிவதில்லை. அதனால் சாயங்காலம் செடிகளுக்கு நடுவில் போய்க் குத்தவைக்காதீர்கள் என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னோம். "சொன்னா மதியா, போதுமா? கக்கூஸ் எங்கே?" என்று டாக்டர் எஸ்டேட் மேனேஜரைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கழிப்பறைகள் வந்தன. ஒன்றுக்குக் கதவும் வந்தது.

அதற்குப் பிறகு வந்த ஐப்பசி மழையில், துலாவர்ஷம் என்பார்கள், அதில்தான் குட்டி விவகாரம். மழைத் தண்ணீர் மலைச்சரிவெல்லாம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் எஸ்டேட் சூப்பர்வைசர் போன் செய்தார். கொழுந்து கிள்ளப் போன பெண்களுக்கு நடைபாதைச் சேற்றில் ஒரு சிறுத்தைக்குட்டி கிடைத்திருக்கிறது, லயத்தில் வைத்திருக்கிறார்கள், உடனே வரவேண்டும். டாக்டர் அன்று ஆபீசில்தான் இருந்தார். வளைவு வளைவாக ஜீப் ஏறும்போது எனக்கு ஒரே யோசனைதான். தாய் பின்னாலேயே லயத்துக்கு வந்திருந்தால் என்ன செய்வது?

போய்ப் பார்த்தால் பேச்சியம்மாள் வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம். உள்ளே சாம்பிராணி வாசனை. விட்டத்தில் பழைய சேலையால் தூளி கட்டியிருக்கிறது. பேச்சியம்மாள் அதை ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

"மெதுவாப் பேசுங்க டாக்டரம்மா. பிள்ள குளிச்சிட்டு ஒறங்குது."

அந்த லயத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் குளிப்பாட்டுவது பேச்சியம்மாள்தான். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மூக்கைப் பிடித்துவிட்டு, சாம்பிராணி காட்டி, பவுடர் போட்டுக் கொடுப்பாள். அவள் கையில் குளித்தால் பிள்ளை நன்றாகத் தூங்கும் என்று பெயர். குளிரில் வெடவெடத்துக்கொண்டு சேறும் சகதியுமாகக் கிடந்த ஒரு குட்டி கையில் கிடைத்தால் அந்தக் கைகள் வேறு என்ன செய்யும்? எண்ணெய், வெந்நீர், சாம்பிராணி, பவுடர் எல்லாம் ஆகியிருந்தது. திருஷ்டிப் பொட்டும் வைத்திருந்தாள்.

டாக்டர் தூளியை விலக்கிப் பார்த்தார். கண் திறந்து கொஞ்ச நாளே ஆன குட்டி. வயிறு உப்ப, வாயோரம் பால் ஒட்ட, தூக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. "பொட்டு எவிடே?" என்று கேட்டார்.

"இந்தா, எடது கன்னத்துல."

"இதில் எது பொட்டு, எது புள்ளி?"

டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பேச்சியம்மா, ஒம்ம மரிக்கொழுந்தத் தின்னவளுக்க பிள்ளையாக்கும் இது. தெரியுமா?" என்றேன்.

"தெரியும் சார். தின்னது ஆத்தா. பிள்ள என்ன செய்யும்? அதுக்கு இப்பத்தான் பல்லே எட்டிப் பாக்குது."

குட்டி எந்த இடத்தில் கிடந்தது என்று கேட்டேன்.

குட்டி கிடந்த இடத்தைப் போய்ப் பார்த்தோம். ஓடைக்குப் பக்கத்தில் குடை மாதிரி நீண்ட ஒரு பாறை. அதற்குக் கீழே உள்ள பொந்தில் தண்ணீர் நிரம்பியிருந்தது. டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வட்டம் போட்டார். சேற்றில் தாயின் தடம் ஒரு தரம் மேலே ஏறிப் போயிருந்தது, மறுபடி திரும்பி வந்திருந்தது. விஷயம் விளங்கியது. பொந்துக்குள் தண்ணீர் ஏற ஏற, தாய் குட்டிகளை ஒவ்வொன்றாக வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறாள். கடைசிக் குட்டிக்குத் திரும்பி வரும்போது விடிந்துவிட்டது, கூடையோடு பெண்கள் வந்துவிட்டார்கள். அவள் ஒதுங்கிவிட்டாள். யாரும் கைவிட்ட பிள்ளையில்லை இது.

திரும்பி வந்தால் லயத்து ஆண்கள் ஜீப்பைச் சுற்றி நிற்கிறார்கள். "மனுச வாட பட்டா தாய் சேக்காது சார். இது எண்ணெ தேச்சிக் குளிச்சிருக்கு. பேசாம ஊருக்குள்ள மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டு போயிருங்க." அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. குட்டியைக் காணாத தாய் அந்த லயத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள், அங்கே தவழுகிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் பேசியதைக் கேட்ட பேச்சியம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. "நான் குளிப்பாட்டுனதாலயா? ஆத்தா சேக்கமாட்டாளா டாக்டரம்மா? நான் கெடுத்துட்டனா?"

"இவங்க சும்மா வாயில வந்தது சொல்லும். பிள்ள மேல நம்ம மணம் இருந்தாலும் தாய்க்குத் தன் பிள்ள தன் பிள்ளதான். மழையில் தணுத்து வெறச்சுச் செத்துப் போகாம நீயாக்கும் காப்பாத்தினது," என்றார் டாக்டர். சொல்லிவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "ஆனாலும் அந்த சாம்பிராணி கொஞ்சம் கூடுதலாயிப் போச்சு," என்றார்.

பாறையடியில் கிடந்த சருகையும் மண்ணையும் கொண்டுவந்து குட்டியை அதில் உருட்டினோம். "குளிப்பாட்டுன பிள்ளைய மண்ணுல பொரட்டுதியளே!" என்று பேச்சியம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள். குட்டியைக் கூண்டுக்கு அனுப்பினால் ஆயுளுக்கும் கூண்டுதான். பதுங்கவும் பாயவும் தாய்தான் சொல்லித்தர வேண்டும், எந்த டாக்டராலும் ஆகாது. அதனால் வைத்துப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தோம்.

சாயங்காலம் பாறைக்குக் கீழே, தண்ணீர் வராத மேட்டில், ஒரு கொழுந்துக் கூடையைச் சாய்த்து வைத்து அதற்குள் குட்டியை விட்டோம். லயத்து அடுப்புகளிலிருந்து சாம்பல் வாங்கி, சலித்து, கூடையைச் சுற்றிப் பாய் விரித்தது மாதிரி தூவினேன். யார் வந்தாலும் தடம் விழ வேண்டும். பிறகு எல்லாரும் லயத்துக்கு வந்துவிட்டோம். மூடுபனி இறங்கி எதுவும் தெரியவில்லை. வெளிச்சம் போகிற நேரத்தில் ஓடைப் பக்கத்திலிருந்து அடித்தொண்டையில் செருமுவது போல ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் வந்தது. தாய் கூப்பிடுகிறாள். வந்துவிட்டாள், இனி கவலையில்லை என்று நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் போனால் குட்டி கூடையிலேயே இருக்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்து, இப்போது பசித்து, எங்களைப் பார்த்துச் சீறுகிறது. சாம்பலின் விளிம்பில் தாயின் தடம் இருந்தது. வந்திருக்கிறாள். நின்றிருக்கிறாள். விளிம்போடு பாதி வட்டம் சுற்றியிருக்கிறாள். கூடைக்கு வராமல் திரும்பிப் போய்விட்டாள்.

பேச்சியம்மாள் தடத்தைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். "சேக்கல," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

டாக்டர் வெகுநேரம் அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணாச்சி, நேற்று அவ கூப்பிட்டது கேட்டோ?"

"கேட்டேன்."

"குட்டி பதில் சொன்னது கேட்டோ?"

குட்டியின் சத்தம் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. பேச்சியம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். "கூடையில வைக்கதுக்கு முன்ன பால் குடுத்தீங்களோ?"

"வயிறு நெறைய ஆட்டுப்பால் குடுத்தேன் சார். துணித் திரி நனைச்சுக் குடுத்தேன். ராப்பட்டினி போடலாமா பிள்ளைய?"

அதுதான் விஷயம். தாய் வந்திருக்கிறாள், கூப்பிட்டிருக்கிறாள். வயிறு நிறைந்த குட்டி அசந்து தூங்கிவிட்டது. முன்பின் பார்த்திராத ஒரு கூடை, அதற்குள்ளிருந்து சத்தம் இல்லை. பதுங்கிப் பதுங்கியே பிழைக்கிற பிராணி அது, சந்தேகம் வந்தால் நெருங்காது. சாம்பிராணி காரணமில்லை, பவுடரும் காரணமில்லை, குட்டி கூப்பிடாததுதான் குறை.

அந்த நேரம் பார்த்து மேலதிகாரியிடமிருந்து போன். ஒரு நாள் பார்த்தது போதும், குட்டி கெட்டுப்போவதற்குள் கீழே கொண்டுவாருங்கள் என்கிறார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அந்த நாற்காலியில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். "சார், ஜீப் டயரில் காற்றில்லை. நாளைக்குத்தான் எறங்க முடியும்," என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜீப் நன்றாகத்தானே நிற்கிறது?

"ஞான் பொய் சொல்லில்ல அண்ணாச்சி. ஞாயிறு பள்ளியில் கர்த்தர் முன்னாடி போய் நிக்கணும். வேகம் போய் காத்து இறக்கு."

இறக்கினேன். இரண்டு டயர்களில் இறக்கினேன், சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதல்லவா? ஸ்டெப்னி ஒன்றுதான் இருந்தது, பஸ்ஸும் போய்விட்டிருந்தது. எங்களுக்கு ஒரு சாயங்காலம் கிடைத்தது.

காலையில் டாக்டர் குட்டிக்குக் கொஞ்சம் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார். மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. சாயங்காலம் நெருங்க நெருங்கக் குட்டி கத்த ஆரம்பித்தது. அவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய அழுகை எங்கே இருந்ததோ. பேச்சியம்மாள் கையில் பால் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"ஒரு திரி டாக்டரம்மா. ஒரே ஒரு திரி."

"வேண்டா பேச்சி."

"என் கையில வந்த பிள்ள எதுவும் பசியில அழுததில்ல. இன்னைக்கும் அவ வரலைன்னா, இது பட்டினியில செத்துப் போச்சுன்னா? அப்ப நீங்க என்ன சொல்லுவிய?"

டாக்டர் கிண்ணத்தை வாங்கித் தரையில் வைத்தார். அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எனிக்கும் பேடியுண்டு, பயம் இல்லாமலா? ஆனா அது அழுதாத்தான் அம்மைக்கு எடம் தெரியும். நம்ம பால் குடுத்தா இன்னைக்கு ஒறங்கும். நாளைக்கு கூண்டில் போகும். நீ சொல்லு, எந்து வேணும்?"

பேச்சியம்மாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

நான் குட்டியைக் கூடையில் வைத்துச் சாம்பலைப் புதிதாகத் தூவிவிட்டு வந்தேன். லயத்தில் அப்போது சீரியல் நேரம். எல்லா வீட்டிலும் டி.வி. ஓடவேண்டிய நேரம். யாரும் சொல்லாமலே ஒவ்வொரு வீடாக அணைத்தார்கள். நாய்களை உள்ளே பிடித்துக் கட்டினார்கள். மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுபோகச் சொன்ன ஆண்களும் வாசலில் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூடுபனிக்குள்ளிருந்து அந்த அழுகை மட்டும் வந்துகொண்டே இருந்தது. கடைசி வீட்டில் ஒரு கைப்பிள்ளையும் அழ ஆரம்பித்தது, அதன் தாய் அவசரமாக மடியில் போட்டு மாராப்பால் மூடிக்கொண்டாள். அந்த அழுகை அடங்கியது, பாறைப் பக்கத்து அழுகை அடங்கவில்லை. பேச்சியம்மாள் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்திருந்தாள்.

செருமல் சத்தம் கேட்டதா என்றால், எனக்கு இன்றும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஓடைத் தண்ணீர் பெரிதாகப் போய்க்கொண்டிருந்தது. குட்டி அழுதது, அழுதது, சட்டென்று நின்றுவிட்டது.

"செத்துப்போச்சா சார்?" என்றாள் பேச்சியம்மாள்.

தாய் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நரியோ மலைப்பாம்போ எடுத்திருக்கலாம். கத்தி ஓய்ந்து அடங்கியிருக்கலாம். விடியாமல் அங்கே போகக் கூடாது, தாய் இருந்தால் எல்லாம் கெடும். டாக்டர் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அன்று யாரும் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

விடிந்ததும் போனோம். பேச்சியம்மாள் பாதி வழியில் நின்றுவிட்டாள். "நான் வரல. நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்றாள். கூட வந்த பெண்களும் அவளோடு நின்றார்கள்.

கூடை கவிழ்ந்து கிடந்தது, உள்ளே எதுவும் இல்லை. டாக்டர் என்னைக் கையால் தடுத்து நிறுத்திவிட்டு வட்டம் போட ஆரம்பித்தார். எத்தனையோ செத்த ஆடுகளைச் சுற்றி அவர் வட்டம் போட்டுப் பார்த்திருக்கிறேன், அன்றைக்குப் போல மெதுவாகப் போட்டதில்லை. ரத்தம் இல்லை. இழுத்த தடம் இல்லை. தாயின் தடம் விளிம்பில் தயங்கவில்லை, நேராகச் சாம்பலுக்குள் வந்திருந்தது. கூடைக்குப் பக்கத்தில் போனதும் டாக்டர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் போய்ப் பார்த்தேன்.

சாம்பலில் ஒரு பெரிய உடம்பு ஒருச்சாய்ந்து படுத்த பள்ளம். தோள் அழுந்திய இடம், இடுப்பு அழுந்திய இடம், வால் இருபுறமும் பெருக்கிய இடம், எல்லாம் தெளிவாக இருந்தது. அந்தப் பள்ளத்தின் நடுவில், வயிறு இருந்திருக்க வேண்டிய இடத்தை ஒட்டி, சின்னச் சின்னப் பின்னங்கால் தடங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, உந்தி உந்தி வைத்த தடங்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்ததைச் சொல்வதில் என்ன வெட்கம்?

"பேச்சீ, வா. பேடி வேண்டா, வா!" என்று டாக்டர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

பேச்சியம்மாள் வந்தாள். நாங்கள் எதையும் விளக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சாம்பலுக்கு வெளியே, ஈரத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"பால் குடுத்திருக்கா," என்றாள். "அதான் அழுக நின்னிருக்கு." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "எம்மேல கோவமோ பயமோ இருந்தா கவ்விட்டு ஓடியிருப்பா சார். ஓடலியே. இங்கயே படுத்து, பசியாத்திட்டுக் கூட்டிட்டுப் போயிருக்கா," என்று சொல்லிவிட்டு அழுதாள். இரண்டு நாளாக அழாத அழுகை. டாக்டர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஜீப்புக்குக் காற்றடிக்க ஆள் வரும்வரை நாங்கள் அங்கேதான் இருந்தோம். பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்கு இறங்கினார்கள். மேலே இருந்து கீழே கிள்ளிக்கொண்டே வந்தவர்கள், பாறையை ஒட்டிய நிரை வந்ததும் அதை விட்டுவிட்டு அடுத்த நிரைக்குப் போனார்கள். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். "ஏய் பேச்சி! அந்த நெரைய ஏன் விட்டிய? கொழுந்து முத்திப் போகாதா?" என்று மேலே நின்று சத்தம் போட்டார்.

பேச்சியம்மாள் கையை நிறுத்தாமல் சொன்னாள்: "பிள்ளைக்குப் பால் குடுத்த எடம் சார். ஒரு நாள் கெடக்கட்டும். நாளைக்குக் கிள்ளுதோம்."

அவர் அந்தப் பாறையைப் பார்த்தார், கீழே இறங்காமல் வந்த வழியே திரும்பிப் போனார்.